ஆறாத கடல்தரை

சித்தையன்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் மகளின் காதுகுத்துப் பத்திரிகை, வெயிலில் மஞ்சள் ஓரம் மினுங்க.

"கடலுக்கடியில கெடக்குற பாறைத்தட்டு வருசம் போகப் போக ஆறும். ரொம்பப் பழசாயிட்டா மேக்கொண்டு ஆற மாட்டேங்குது. அதான் எங்க ஆராய்ச்சி," என்றான் அவன்.

"எங்கண்ணன் மாதிரி. பேசி ஏழு வருசமாச்சு, இன்னும் ஆறல."

"தட்டோட அடிப்பக்கம் குளுந்து உதிர்ந்து இறங்குது. அந்த எடத்துக்குச் சூடான பாறை மெல்ல ஏறி வருது."

"இங்க சூடேத்துறது எங்க அண்ணி."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு முதலில் நின்றது.

"மாமன் மடியில உக்கார வைக்காம பிள்ளைக்கு எப்புடிங்க காது குத்துறது? பத்திரிகை வைக்கப் போற நம்மள வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா?"

"காலையில உங்கண்ணனுக்குப் போன் பண்ணேன்."

"அய்யய்யோ. என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லல. எந்தப் பஸ்சுல வாரீகன்னு மட்டும் கேட்டாரு."