ஏழாம் நிருபத்தில் நுழைந்த வரி

முப்பத்தோராண்டுக் காலம் நம் சபையின் புத்தக அறைக் கதவைக் காத்தவரே! வந்த ஓலையை வாசிக்கும் முன் முகர்ந்து பார்த்தவரே! ஐயத்துக்கு அரசே! பெருமதிப்புக்குரிய காப்பாளர் ஹொரியோன் அண்ணன் அவர்களே!

உங்கள் பிரியாவிடைக்கு இம்மடலை எழுத, புத்தக அறையாராகிய நாங்கள் உட்கார்ந்து பதினேழு நாள் ஆயிற்று. மேலே உள்ள விளியைத் தாண்டி எங்கள் எழுதுகோல் நகரவில்லை. "பழுதறியாக் கையரே" என்று எழுதினோம், அடித்தோம். "பொய் தீண்டாப் பெரியவரே" என்று எழுதினோம், அதையும் அடித்தோம். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் ஆயர் எழுதிய ஏழாம் நிருபத்தில் நிற்கும் அந்த ஒரு வரி மேலாற்றுச் சபையின் புத்தகத்தில் இருந்தது, பார்த்துத்தான் எழுதினேன் என்றீர்கள் நீங்கள். "எங்கள் நிருபத்தில் அப்படியொரு வரி இல்லவே இல்லை" என்று எழுதியனுப்பியது மேலாற்றுச் சபை. இருவரும் உண்மை சொல்லியிருக்க வழியே இல்லை என்று தோன்றியது. பொய் சொன்னவர் நீங்கள் என்றால் உங்களை வாழ்த்தக் கூடாது. அது தெரியாமலே வாழ்த்தினால் பொய் சொல்பவர்கள் நாங்கள்.

பின்வரிசையில் துறைமுகத்து மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கதையைப் பாட்டாக மட்டுமே கேட்டிருக்கிறார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறோம். பொறுத்தருள்க.

உங்கள் பெருமைகளில் பெரியது உங்கள் சந்தேகம். ஒருமுறை லிபியாவிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் அங்குள்ள ஆயரின் ஓலையோடு வந்தார். உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும் என்றது அந்த ஓலை. நாங்கள் முத்திரையைப் பார்த்துப் பணிந்து நின்றோம். நீங்கள் மடிப்பைப் பார்த்தீர்கள். இருபது நாள் இடுப்பில் கிடந்த நாணல்தாள் ஓலை மடிப்பு முனைகளில் தேய்ந்து பஞ்சு பஞ்சாக நிற்கும். வியர்வை ஏறிய பக்கம் மங்கும். அந்த ஓலையின் மடிப்போ அப்பளம் போல மொறுமொறுப்பாக இருந்தது. "தம்பி, இதை எழுதுன கடை நம்ம ஊருல எந்தத் தெருவுல?" என்று கேட்டீர்கள். வந்தவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார். அன்றிலிருந்து நாங்களும் மடிப்பைப் பார்க்கிறோம். பார்க்கக் கற்ற கண் ஒருநாள் உங்கள் பக்கமும் திரும்பும் என்று நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள்.

மறைந்த நம் ஆயர் எவ்தைமோன் சபைகளுக்கு எழுதிய மடல்களான நிருபங்களை, அவர் நினைவு நாளில் ஆண்டுக்கு ஒன்றாக வாசிப்பது நம் வழக்கம். அவர் போய் ஏழாண்டு. இவ்வாண்டு ஏழாம் நிருபத்தின் முறை. புத்தக அறையின் கொப்ரேஸ் வாசித்தார். சாயப்பட்டறையில் இருந்து இரண்டாண்டுக்கு முன் நம்மிடம் வந்தவர். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை. நடுப்பக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்தது இந்த வரி: "மகனுக்கு முன்னே தந்தை தனியாக இருந்தார்."

தந்தையாம் கடவுள் முந்தியவர், அவர் மகன் பிந்தியவர் என்று துறைமுகத்துத் தானியக் கிடங்கில் கூடிச் சொல்கிறவர்களின் வாய்ப்பாடு அல்லவா அது! தந்தையும் மகனும் என்றும் ஒன்றாக இருப்பவர்கள் என்றல்லவா நம் ஆயர் எழுதினார்! மறுநாள் காலையிலேயே கிடங்குக்காரர்கள் மெட்டுப் போட்டுவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் பாடினார்கள். மீன் விற்கும் பெண்கள் எங்களைப் பார்த்து, "உங்க ஆயரே சொல்லிட்டாராமே! அப்புறம் எதுக்குத் தனிக் கோயில்?" என்று சிரித்தார்கள்.

இப்போது சபையை நடத்தும் திருத்தொண்டர் பிலோக்சேனோஸ் எங்களை முற்றத்துக்கு அழைத்தார்.

"அந்த வரி ஆயர் எழுதுனதுன்னா, பீடத்துல வாசிக்கிற இறந்தவங்க பட்டியல்ல இருந்து அவர் பேரை எடுக்கணும். ஆயர் எழுதலைன்னா, எழுதுனவனைச் சபையை விட்டு எடுக்கணும். பாஸ்காவுக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

புத்தகம் கடைசியாக ஆறு வாரம் கொப்ரேஸின் மேசையில் இருந்தது. எல்லாக் கண்ணும் அவர் மேல் விழுந்தது. அவர் மனைவிதான் சபைக்கு அப்பம் சுடுகிறவர். அடுத்த ஞாயிறு அந்த அப்பத்தை வாங்க ஒரு கையும் நீளவில்லை.

"சாமி, இது சாயத்துல துணி முக்குன கை," என்றார் கொப்ரேஸ். "ஆயர் மாதிரி ஒரு வாக்கியம் கட்ட எனக்குத் தெரிஞ்சா, நான் ஏன் ரெண்டு வருஷமா தாளுக்கு வெறும் கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்?"

அப்போது எழுந்தவர் நீங்கள். புத்தகத்தை வெயிலுக்கு எடுத்துப் போனீர்கள். தையலைப் பிரித்தீர்கள். நீங்கள் காட்டியதை இங்கே எல்லோரும் அறியச் சொல்கிறோம், ஏனென்றால் அதைவிட அழகான விளக்கத்தை நாங்கள் கண்டதில்லை.

நாணலில் செய்த பாப்பிரஸ் தாள் ஒன்றை நடுவில் மடித்தால் இரண்டு ஏடு. அப்படிப் பல தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பின் வழியே ஊசியை ஓட்டினால் புத்தகம். ஆகவே ஒவ்வொரு தாளின் மடிப்பிலும் ஊசித் துளை இருக்கும். நம் புத்தகம் ஒருமுறை நூல் இற்றுப்போய் மறுபடி தைக்கப்பட்டது. பழைய துளைகள் கிழிந்து அகன்றிருந்ததால் அவற்றுக்கு இடையே புதிய துளை போடப்பட்டது. அதனால் தாளுக்கு எட்டுத் துளை: நான்கு பழையவை, நான்கு புதியவை. தாள்களை ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடித்தீர்கள். எட்டு ஒளிப்புள்ளி, எட்டு, எட்டு. அந்த வரி இருக்கும் தாளில் மட்டும் நான்கு.

"இந்தத் தாளுக்குப் பழைய தையல் தெரியாது," என்றீர்கள். "மறுபடி தைச்ச அன்னைக்குத்தான் இது உள்ள வந்திருக்கு. தைச்சு நாலு வருஷம் ஆச்சு. கொப்ரேஸ் அப்ப சாயத்தொட்டிப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தான். விடுங்க அவனை."

கொப்ரேஸ் தரையில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் மூச்சுவிட்டோம். ஆனால், தாளுக்குப் பசையும் புத்தகத்துக்குத் தையலும் அறிந்த நம் தெயோனில்லா, பிரித்த நூலைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகிய முடிச்சு. இந்த ஊரில் அப்படி முடிச்சுப் போடுகிறவர் ஒருவரே.

"அண்ணே, நாலு வருஷம் முன்னாடி இதைத் தைச்சது யாரு?"

"நான்தான்," என்றீர்கள்.

கொப்ரேஸைக் காத்த அதே துளை உங்களைப் பிடித்தது. அது பிடிக்கும் என்று தெரிந்தேதான் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தீர்கள் என்று இன்று நாங்கள் அறிவோம். அன்று அப்படி நினைக்கவில்லை.

எலி கடித்த தாள் ஒன்றை எடுத்துவிட்டு, மேலாற்றுச் சபையின் புத்தகத்தை இரவல் வாங்கி, அதைப் பார்த்துப் புதிய தாள் எழுதியதாகச் சொன்னீர்கள். "அந்த வரி அதுல இருந்துச்சு. நான் ஒரு எழுத்துகூடச் சேக்கல." பிலோக்சேனோஸ் ஆள் அனுப்பினார். 'இல்லவே இல்லை' என்ற பதில் வந்தது. அவர் அதை இருமுறை படித்துவிட்டு உங்களிடம் தணிந்த குரலில் பேசினார்.

"முப்பத்தோரு வருஷம் உழைச்சிட்டீங்க. பாஸ்கா முடிஞ்சதும் மரியாதையா வீட்டுக்குப் போங்க. நாங்க எதுவும் கேக்க மாட்டோம். நீங்களும் எதுவும் சொல்ல வேணாம்."

இந்தப் பிரியாவிடை அப்படிப் பிறந்தது அண்ணே. மறைத்து என்ன பயன்? பாராட்டு மடல் எழுதச் சொல்லி எங்களுக்கு வந்த ஆணையும் ஒரு வாயடைப்புத்தான்.

அதன்பின் நாங்கள் உங்களை எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாலைதோறும் தெயோனில்லா ஏடுகளை எண்ணினார். மைக்கூடுகளை நீங்கள் வருமுன் இடம் மாற்றினோம். எந்தத் தெரு வழியாக வீடு திரும்புகிறீர்கள் என்று இருவர் பின்னால் வந்தோம். கிடங்குக்காரர் ஒருவரிடம் உப்புமீன் வாங்கினீர்கள். அதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். உங்களுக்குத் தெரியாமல் போகுமா?

"மீன் வாங்குனா அவன் கூட்டத்துல சேந்துடுவேனா? அவன்கிட்ட உப்பு சரியா இருக்கு, அவ்வளவுதான். தெய்வம் யாருக்கு முன்னாடின்னு நான் மீன்கிட்ட கேக்கல," என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அந்தப் பதிலையும் ஐயத்தோடுதான் கேட்டோம்.

கொப்ரேஸ் யாரிடமும் சொல்லாமல் படகேறினார். ஆற்றுக்கு எதிராக நான்கு நாள். மேலாற்றுச் சபையின் முதிய வாசகர் பயேசிஸ் எரிச்சலோடு கதவைத் திறந்தாராம்.

"எத்தனை தடவ சொல்றது? ஆயரோட நிருபத்துல அந்த வரி கிடையாது!"

"சொன்னது போதும் பெரியவரே, காட்டுங்க."

காட்டினார். எழுத்துப் பத்தியில் அந்த வரி இல்லை. பத்திக்குப் பக்கத்தில், வெற்று ஓரத்தில் இருந்தது. அதே கரி மை, அளவும் ஏறக்குறைய அதே அளவு.

"இது என்னங்க?"

"அதுவா? அது நான் எழுதுனது. சந்தையில ஒருத்தன் அதைக் கத்திக்கிட்டே போனான். அதுக்கு ஆயர் குடுத்த பதிலு இந்த இடத்துலதான் இருக்கு. மறந்துடக் கூடாதுன்னு பக்கத்துல குறிச்சு வச்சேன். நீங்க நிருபத்துல இருக்கான்னு கேட்டீங்க, இல்லைன்னேன். இது நிருபம் இல்லய்யா, ஓரம்!"

நண்பர்களே, இங்கேதான் பூட்டு திறந்தது. மேலாற்றுச் சபையில் ஓரம் என்பது படித்தவர் தனக்காகக் குறிப்பு எழுதும் இடம். நம் அறையிலோ ஓரத்தில் ஒரே ஒரு வகை எழுத்துக்குத்தான் அனுமதி: எழுதும்போது விட்டுப்போன வரி. "ஓரம் அரட்டை அடிக்கிற இடம் இல்ல" என்று முப்பத்தோராண்டு எங்கள் விரல்களைத் தட்டியவர் யார்? நீங்கள்! எழுதுகிறவன் பொருளை எடைபோடக் கூடாது, இருப்பதை எழுத வேண்டும் என்று சொன்னவரும் நீங்கள்! அந்த ஒழுங்கில் ஊறிய கை ஓரத்தில் ஒரு வரியைக் கண்டால் என்ன செய்யும்? விட்டுப்போன வரி என்று எடுத்து, அதன் இடத்தில் ஒழுங்காகச் சேர்க்கும். சேர்த்தது; அதை ஓரத்தில் கண்டதைத் தனியாக நினைவிலும் வைக்கவில்லை. இந்தச் சண்டை நம் ஊருக்கு வந்து மூன்றாண்டுதான் ஆகிறது. நான்காண்டுக்கு முன் அந்த வரி எந்தக் காதையும் குத்தவில்லை. ஒழுங்கில்லாத ஒருவர் இந்தப் பிழையைச் செய்திருக்கவே முடியாது.

பயேசிஸ் பெரியவர் தம் புத்தகத்தை இம்முறை இரவல் தர மறுத்துத் தாமே படகேறி வந்தார். முன்வரிசையில் மடியில் மூட்டையோடு அமர்ந்திருப்பவர் அவரே. வந்த களைப்பு ஆறுமுன் அந்த வரியைப் பானை ஓட்டில் எழுதச் சொல்லி, ஓரத்து எழுத்தோடு ஒப்பிட்டோம்.

"என்னையுமா சந்தேகப்படுறீங்க?" என்று கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே," என்றார் தெயோனில்லா. "எங்க காப்பாளர் எங்களை அப்படித்தான் பழக்கி வச்சிருக்காரு."

இரண்டும் ஒரே கை. ஓட்டையும் ஓரத்தையும் பிலோக்சேனோஸ் நேரில் பார்த்தார். நேற்றைய வழிபாட்டில் ஆயர் எவ்தைமோனின் பெயர் பட்டியலில் தன் இடத்திலேயே வாசிக்கப்பட்டது. அப்பக் கூடை காலியாகிக் கொப்ரேஸின் வீட்டுக்குத் திரும்பியது. உங்களிடம் கொப்ரேஸ் வந்து சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, நான் உங்களைக் காப்பாத்தணும்னு போகல. நீங்க பொய் சொல்றீங்களான்னு பாக்கத்தான் போனேன்."

"அப்படித்தான் போகணும்," என்றீர்கள். "காப்பாத்தப் போயிருந்தா, நிருபத்துல இல்லைன்னதும் பயந்து, ஓரத்தைப் பாக்காமலே திரும்பியிருப்ப."

ஆகவே பதினேழு நாளாக அடித்து வைத்திருந்த சொற்களை இன்று திரும்ப எழுதுகிறோம். பொய் தீண்டாப் பெரியவரே! பழுதறியாக் கையரே என்று மட்டும் எழுத மாட்டோம். பழுதை ஒப்புக்கொள்ளும் கையரே என்று எழுதுகிறோம். அது அதைவிட அரிது. எலி கடிக்காத தாள் போல உங்கள் உடல் நலம் நீடிக்கட்டும். கண்ணொளி குறையாதிருக்கட்டும். உப்பு சரியாக இருக்கும் கடையில் அச்சமின்றி மீன் வாங்குங்கள். இனி யாரும் பின்னால் வர மாட்டோம். உங்கள் மேசையில் புதிய தாள் ஒன்றும் ஊசியும் நூலும் வைத்திருக்கிறோம். விடைபெறுமுன் அந்த வரி இல்லாமல் ஏழாம் நிருபத்தின் தாளை எழுதி, உங்கள் முடிச்சிலேயே தைத்துக் கொடுங்கள்.

நீங்கள் போனபின் எங்களுக்கு உங்கள் கண் இருக்காது. ஆகவே கண்ணை நம்பாத வழி ஒன்றை அறைச் சுவரில் எழுதியிருக்கிறோம். விட்டுப்போன வரியைத் தாளின் அடியில் கரி மையில் எழுத வேண்டும். படித்தவர் குறிப்பைப் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் மட்டுமே எழுத வேண்டும். பிற சபையின் புத்தகத்தைப் பார்த்துத் தாள் எழுதுமுன், "உங்கள் ஓரத்தில் யார், எதற்காக எழுதுவார்கள்?" என்று அந்தச் சபையைக் கேட்க வேண்டும். எந்தப் புத்தகம், யார் கை என்று அந்தத் தாளின் மூலையில் குறிக்க வேண்டும்.

இவ்வழியை ஏற்று, இம்மடலை இருமுறை சரிபார்த்து, சிவப்பு மையில் பெயரிட்டவர்கள்:
தெயோனில்லா, கொப்ரேஸ், மற்றும் புத்தக அறையார் அனைவரும்