கும்மிடிப்பூண்டி வருவதற்குள் கழல வேண்டும்

"விரலை ஆட்டாத அண்ணி. நல்லா ஊறணும்."

ரயில் பொன்னேரி தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்து இந்தப் பேச்சு காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பிஸ்கட் கம்பெனி யூனிபாரம் போட்ட பெண், பத்து விரலிலும் சப்பாத்தி சுற்றுகிற சில்வர் பேப்பரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார். மடியில் பஞ்சும் நகப் பாலிஷ் கரைக்கிற மருந்து பாட்டிலும்.

"ஜெல் பாலிஷ் போட்டுப் பழகணும், கை குடுன்னு நேத்து கேட்ட. குடுத்தேன். திங்கக்கெழம கம்பெனி கேட்ல நகம் பாப்பாங்கன்றத மறந்தே பூட்டேன்."

"காத்தால பல்லு வெளக்கறப்போ வந்து சொல்றியே அண்ணி. நேத்தே சொல்லியிருந்தா ஊட்லயே எடுத்திருப்பேன்."

"சொரண்டி உடேன்டி. கலரு இருந்தா உள்ளயே உட மாட்டாங்க. போன வாரம் மருதாணிக்கே ஒருத்திய திருப்பி அனுப்பிட்டாங்க."

"சொரண்டுனா நகமே பிஞ்சிக்கினு வரும். கொஞ்சம் பொறு."

கவரப்பேட்டையில் நாத்தனார் பேப்பரைப் பிரித்தாள். சிவப்பு ஜெல் தோல் மாதிரிச் சுருண்டிருந்தது. குச்சியால் தள்ளியதும் வந்துவிட்டது. ஒரு கட்டை விரல் மட்டும் வரவில்லை. மறுபடி பஞ்சு வைத்துச் சுற்றினாள். சுற்றும்போது பஞ்சு இரண்டு தடவை நழுவியது.

"நாளைக்கு மொத கஸ்டமர் வராங்க அண்ணி. இதுவே வரலன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"இப்ப நீ கைய ஆட்டாத."

கும்மிடிப்பூண்டியில் வண்டி நிற்கும்போதுதான் அதுவும் வந்தது. அண்ணி வெறும் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சனிக்கெழம சாயங்காலம் போட்டு உடு. ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது போட்டுக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.