கண்ணாடி வீட்டின் சூடு

நாற்று வளர்க்கிற கண்ணாடி வீடு என்றால் உள்ளே எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்று கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், ஐயா. நீங்களும் மதுரைப் பக்கம் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பகலில் அப்படித்தான் இருக்கும். வெயில் இறங்கிவிட்டால், உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் ஒரு மணி நேரத்தில் வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி சும்மா நிற்கும்.

என் பெயர் பொன்னுவேல். அட்டுவம்பட்டிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற லீலாம்மா பங்களாவில் பதினோரு வருஷமாகத் தோட்டக்காரன். அம்மா மழைக்காலம் தொடங்கும்போது பட்டணம் போனால் ஏப்ரலில் சீசனுக்குத்தான் திரும்புவார். மார்கழி, தையில் பனி தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி வந்து எங்கள் தோட்டத்தில் தேங்கும். போன வருஷம், ஐம்பத்தாறில், ஒரே ராத்திரியில் என் பெகோனியாப் பூ நாற்று அத்தனையும் வெந்த கீரையாகிவிட்டது. சீசனுக்கு வந்த லீலாம்மா விருந்தாளிகள் முன்னால், "நம்ம பொன்னுவேலுக்கு உருளைக்கிழங்குதான் லாயக்கு" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு வருஷம் முழுக்கக் காதில் கிடந்தது.

இந்தத் தடவை முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்று எடுத்தேன். விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். கண்ணாடிக்கு மேலே வைக்கோல் பாய் போட்டேன். தகர டின்களில் தண்ணீர் நிரப்பி, பகல் வெயிலில் சூடேற்றி உள்ளே வைத்தேன். கரிச்சட்டி வைத்திருக்கலாமே என்று ஏட்டையா கேட்டார். கரிப்புகை இளம் இலைக்கு ஆகாது. அதோடு, மூடின இடத்தில் கரிச்சட்டி வைத்தால் உள்ளே இருக்கிற ஆள் மூச்சடைத்துச் செத்துப்போவார். அந்த மாதிரிப் பாவமெல்லாம் நான் செய்கிறவன் இல்லை.

உள்ளே ஒரு வெப்பமானி தொங்குகிறது. ராத்திரி எந்த அளவுக்குச் சூடு இறங்கியதோ, அந்த இடத்திலேயே அதன் முள் நின்றுவிடும். காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு என்றால் உறைபனி. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு முள் முப்பத்து மூன்றில் நின்றது.

எங்களிடம் களை பறிக்கிற மாயக்காள் கீழ்மலைக் காட்டுக்காரி. புருஷன் ஒச்சன் காப்பிப் பழம் பறிக்கத் தாண்டிக்குடிக்குப் போயிருந்தான். அவள் விறகுக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மூன்று பக்கம் சுவரே கிடையாது. கண்ணாடி வீட்டில் வந்து படுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் காலையில் முள் முப்பத்தைந்தில் நின்றது. ஒரு ஆளின் உடம்பிலும் மூச்சிலும் அத்தனை சூடு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கும் நல்லது, நாற்றுக்கும் நல்லது.

நாலாம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"மேலு அனலாக் கெடக்குங்க, சாமி. நெஞ்சுல குத்துது. ஆசுபத்திரிக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்தேழு. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

"பனி கொஞ்சம் விடட்டும் புள்ள. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அது பொய் இல்லை, அழைத்துப்போவதாகத்தான் இருந்தேன். சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். என் கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். களை பறிக்கிறவளுக்கு எந்தத் தோட்டக்காரன் அதெல்லாம் செய்கிறான்?

ஆனால் அவள் கம்பளியை இழுத்து மூடிச் சுருண்டு கிடந்ததால் சூடெல்லாம் கம்பளிக்குள்ளேயே அடைந்துபோயிற்று. நாற்றுக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் ஒரு டிகிரி குறைந்திருந்தது. கம்பளியை வாங்கிக் கூரைக் கண்ணாடி மேல் பாயோடு சேர்த்து விரித்தேன். உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான்.

"குளிருதுங்களே, சாமி" என்றாள்.

"காய்ச்சல்ல அப்படித்தான் தோணும்" என்றேன்.

அடுத்த காலை முப்பத்தெட்டு. அந்த மாதத்தில் அவ்வளவு உயரத்தில் அந்த முள்ளை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதற்கு மறுநாள் வாசலோரம் ஆறு நாற்று கருகிக் கிடந்தன. தண்ணீர் தவித்து வெளியே போனவள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. நான் திட்டவில்லை. அன்று சாயங்காலம் ஒரு செம்புத் தண்ணீரை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெளியே கொண்டி போட்டேன்.

தட்டியது கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. என் அறை அடுத்தாற்போலத்தான் இருக்கிறது. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது, காற்றே இல்லை. கதவை ஒரு தடவை திறந்தால் சேர்த்துவைத்த சூடு மொத்தமும் போய்விடும். கொஞ்ச நேரம் தட்டினாள், பிறகு தட்டவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்ததாக முதலில் எழுதச் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

காலையில் கதவைத் தள்ளவே சிரமமாக இருந்தது. மாயக்காள் அதன்மேல் சாய்ந்து கிடந்தாள். அவளைத் தாண்டிப் போய் முள்ளைப் பார்த்தேன். முப்பத்து மூன்று. புரிந்துவிட்டது. குளிர் பட்ட இலையைச் சட்டென்று வெயில் தொட்டால் கருகிவிடும் என்பதால், தட்டுகளுக்குச் சாக்கு கட்டி நிழல் கொடுத்துப் பச்சைத் தண்ணீர் தெளித்தேன். அப்புறம்தான் அவளிடம் வந்தேன். படுத்த இடத்திலிருந்து வாசல்வரை தவழ்ந்தே வந்திருக்கிறாள். வழியெல்லாம் நாற்றுத் தட்டுகள். ஒன்றைக்கூட அவள் தட்டிவிடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேலைக்காரி.

அன்று மத்தியானமே ஒச்சன் வந்துவிட்டான், பொங்கலுக்குப் புதுச் சேலையோடு. என்னை அடிக்கவில்லை.

"கதவ ஏன் சாமி வெளிய போட்டீங்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவனைக் கூட்டிப்போய் வெப்பமானியைக் காட்டி விளக்கினேன். அவனுக்கு எண் படிக்கத் தெரியாது. நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

நான் சொன்னதெல்லாம் சரியாக எழுதியிருந்தால் கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் மனசைப் போட்டு அரிக்கிறது, ஐயா. இன்றைக்கும் வானம் துடைத்துவிட்டாற்போலத்தான் இருக்கிறது. அங்கே முந்நூற்று ஆறு நாற்று நிற்கிறது. இந்தக் கொட்டடியில் எங்களை ஏழு பேராக அடைத்திருக்கிறீர்கள். போர்வை இல்லாமலே கதகதப்பாக இருக்கிறது. இத்தனை சூடும் இங்கே வீணாகப் போகிறது.