கடலைப் பூட்டினது ஆர்?

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், தம்பி. தவக்காலத்திலை நான் சீனி தொடுறேல்லை. சீனி தாராளமாக் கிடைச்ச காலத்திலையும் தொட்டதில்லை. ஏன் சொல்லுறனெண்டால், சட்டதிட்டத்துக்கு அடங்கி நடக்கிற ஆள் நான் எண்டது முதலிலை உங்களுக்கு விளங்கவேணும். நீங்கள் என்னைக் கூப்பிடேல்லை. நானாத்தான் உங்கடை பொலிஸ் கந்தோருக்கு வந்தனான்.

பேர் நீக்கிலாப்பிள்ளை. குருநகர். எங்கடை ஊரிலை ஆரைக் கேட்டாலும் பயண ஒழுங்குக்கார நீக்கிலா எண்டுதான் சொல்லுவினம். தவக்காலத்திலை எங்கடை சனம் பாலைதீவு அந்தோனியார் கோவில் பெருநாளுக்கு வள்ளம் வள்ளமாப் போறது வழக்கம். எந்த வள்ளம் முன்னுக்கு, எது பின்னுக்கு, எந்த வழியாலை போறது, எங்கை நிண்டு செபமாலை சொல்லுறது, எங்கை பாணும் சம்பலும் சாப்பிடுறது, எல்லாம் நான்தான் ஒழுங்குபடுத்திறது. முன்வள்ளம் என்ரை. அந்தோனியார் சுரூபம் அதிலைதான் போகும்.

சண்டை துவங்கினாப் பிறகு கடலுக்கு மூண்டு சட்டம். ஒண்டு நேவியின்ரை சட்டம், கரையை விட்டு வெளிக்கிடக்கூடாது. மற்றது இயக்கப் பெடியளின்ரை சட்டம், பாஸ் இல்லாமல் போகக்கூடாது. மூண்டாவது எங்கடை கோவில் பங்கின்ரை சட்டம், அது எல்லாத்துக்கும் முந்தினது. ஊருக்குள்ளை ஒரு சாவு விழுந்தால், பிரேதத்தைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைக்குமட்டும் ஒரு வள்ளமும் கடலிலை இறங்காது. முதல் ரெண்டும் கிழமைக்குக் கிழமை மாறும். மூண்டாவது என்ரை அப்பர் காலத்திலையும் மாறேல்லை, இப்பவும் மாறேல்லை.

பெருநாளுக்குப் போக ஏலாத வருசங்களிலையும் நான் ஒழுங்கு போடாமல் விட்டதில்லை. மண்டைதீவிலை முகாம் வந்த வருசம் அதைச் சுத்தி வழி போட்டன். பூநகரியிலையும் முகாம் எண்டோடனை இன்னும் கொஞ்சம் வளைச்சன். கடைசியிலை அந்த வழி எப்பிடி வந்து நிண்டதெண்டால், குருநகரிலை வெளிக்கிட்டுக் குருநகருக்கே வந்து சேரும், பாலைதீவு அதிலை இல்லை. ஆனால் ஒரு சட்டத்தையும் மீறாத வழி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சனத்தைக் கூட்டிச் சொல்லுவன். "சாப்பாட்டுக்கு எங்கை நிப்பாட்டுறியள்?" எண்டு பெண்டுகள் கேப்பினம். ஒருக்கா, கடலோரக் கண்டல் பத்தையடியிலை எண்டு சொன்னன். அங்கை சரியான வெய்யிலெல்லோ எண்டு ஒருத்தி முகத்தைச் சுழிச்சாள். உடனை அங்காலைப் பத்தையடிக்கு மாத்திக் குடுத்தன். ஆரும் கரையை விட்டு அசையேல்லை, எண்டாலும் அந்த மாத்தம் எல்லாருக்கும் திருப்தி.

இந்த வருசம் சண்டை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்தது. எங்கடை பங்குச் சுவாமி நேவிக்கு எழுதிக் கேட்டு அனுமதி எடுத்துப்போட்டார். வாற சனிக்கிழமை, ஒரேயொரு நாள். போற வழியையும் நேவிக்காரரே கோடு கீறி அனுப்பியிருந்தாங்கள். நேர்க்கோடு. ஒரு வளைவு நெளிவு கிடையாது. செபமாலைக்கு எங்கை நிக்கிறது எண்டு கேட்டன். நிக்கத் தேவையில்லை, போற போக்கிலை சொல்லலாம் எண்டார் சுவாமி.

பிறகு நடந்த கூட்டத்திலை முன்வள்ளத்தையும் சுரூபத்தையும் வின்சன்ற்றுக்குக் குடுத்திட்டினம். அவன்ரை வள்ளத்திலை ஓடுற மிசின் இருக்கு. என்ரை மிசின் பாட்ஸ் வராமல் வலை வைக்கிற வாடிக்குள்ளை கிடக்கு. "அண்ணை, நீங்கள் என்ரை வள்ளத்திலை சும்மா இருந்துகொண்டு வாங்கோ. வயசும் போட்டுதெல்லோ, வடிவாப் புதினம் பாத்துக்கொண்டு வரலாம்" எண்டான். நல்ல பெடியன். அவனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. சும்மா இருந்துகொண்டு போறதுதான் எனக்கு ஏலாது.

நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அனுமதி ஒரு நாளுக்குத்தான். அந்த நாள் தப்பினால் சுவாமி திரும்ப எழுதிக் கேக்கவேணும். அதுக்கிடையிலை என்ரை மிசினுக்குப் பாட்ஸ் வந்திடும், வழியும் நானே போட்டுக் குடுக்கலாம். ஆனபடியால் சனிக்கிழமை கடல் பூட்டியிருக்கவேணும். நேவியின்ரை சட்டம் என்ரை சொல்லுக் கேளாது. பெடியளின்ரையும் அப்பிடித்தான். மிச்சம் எங்கடை பங்கின்ரை சட்டம்.

என்ரை அம்மான் பிலிப்பு, அம்மாவின்ரை தம்பி, மாரிகாலத்திலை இருந்து படுத்த படுக்கை. சாகப்போற ஆளுக்குச் சுவாமி எண்ணெய் பூசுற அவஸ்தை பூசுதலும் முடிஞ்சுது. தவக்காலத்துக்குள்ளை மனுசன் போயிடும் எண்டு ஊரே சொன்னது. நான் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டுதான் இருந்தனான். ஆனால் பாலைதீவுக்கு விடப்போறாங்கள் எண்டு அவரின்ரை மகள் லூர்த்தம்மா காதுக்குள்ளை சொன்னதுதான் தாமதம், மனுசன் எழும்பி இருந்து கூழ் கேட்டிருக்கிறார். அடுத்தநாள் மீன்தலை கேட்டிருக்கிறார். நான் பாக்கப் போகேக்கை கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு சவரம் எடுக்கிறார்.

"நீக்கிலா, என்னையும் ஏத்துவியளோடா?"

"ஓம் அம்மான், ஏன் ஏத்தாமல்."

"அந்தோனியாருக்கு ஒரு நேத்திக்கடன் கிடக்கு, மோனை. அதைச் செய்து முடிச்சிட்டனெண்டால் பிறகு எனக்குச் சாகப் பயமில்லை."

எனக்குச் சரியான கவலையாப் போட்டுது. உவ்வளவு சுகமா இருக்கிற ஆளை நம்பி என்னத்தைச் செய்யிறது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லூர்த்தம்மா கோவிலுக்குச் சிலுவைப்பாதைச் செபத்துக்கு வெளிக்கிட்டாள். "அத்தான், அப்புவோடை கொஞ்சம் இருங்கோ. தனிய விட்டால் எழும்பி நடக்கப் பாக்கிறார்" எண்டாள். இருந்தன். விடிய உடுக்கிறதுக்கெண்டு வெள்ளைச் சாறத்தை மடிச்சுத் தலைமாட்டிலை வைச்சிருந்தார். எந்த வழியாலையடா போறம் எண்டு கேட்டார். நான் என்ரை வழியைத்தான் சொன்னன். நேர்க்கோட்டைச் சொல்லி அவரின்ரை மனதை நோகப்பண்ண எனக்கு விருப்பமில்லை. முதல் பத்தையடியிலை செபமாலை, அங்காலைப் பத்தையடியிலை பாணும் சம்பலும். சம்பல் உறைக்குமோ எண்டு கேட்டார். உறைக்காது அம்மான் எண்டன். கண்ணை மூடிக்கொண்டு சிரிச்சார்.

கோவில் கிட்ட, பாட்டு வடிவாக் கேக்கும். சிலுவைப்பாதையிலை பன்னிரண்டாந் தலம் ஆண்டவர் சிலுவையிலை உயிர் விடுறது. அதிலை சனம் முழந்தாளிலை நிண்டு கொஞ்சநேரம் ஒண்டும் பறையாமல் இருக்கும். அந்த நேரம் நான் தலகணியை எடுத்தன். மனுசன் காலம் முழுக்க வலை இழுத்த கை. என்ரை மணிக்கட்டைப் பிடிச்சார், என்ன பலம் தெரியுமோ. எவ்வளவுக்குச் சுகம் வந்திருந்தார் எண்டு அப்பதான் எனக்கே விளங்கினது. சனம் கடைசிப் பதினாலாந் தலத்துக்குப் போகமுந்தி இஞ்சை எல்லாம் முடிஞ்சுது. தலகணியை இருந்த இடத்திலை வைச்சு, போர்வையை இழுத்துவிட்டு, அவரின்ரை ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் சொன்னன்.

லூர்த்தம்மா வந்து குழறினாள். துக்கமணி அடிச்சது. முதல் ஆளா வின்சன்ற் ஓடிவந்து, கட்டியிருந்த கொடியளைக் கழட்டி, வள்ளத்தை மணலுக்கு இழுத்து விட்டான். அவனைப் பாக்க எனக்குப் பாவமாத்தான் இருந்தது. பிரேதம் எடுக்கிறது சனிக்கிழமை பின்னேரம் எண்டு நான்தான் ஒழுங்கு போட்டன்.

அதோடை போயிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. பொழுதுபட, செத்தவீட்டு முத்தத்திலை அயல்வீட்டுத் தம்பிராசா, கரண்ட் இல்லாதபடியால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோவைப் போட்டான். நாளைக்குக் கடல் முழுக்கத் தடை, குடுத்த அனுமதியெல்லாம் ரத்து எண்டு செய்தியிலை சொன்னாங்கள். சுவாமி தலையிலை கையை வைச்சார். "என்ரை அப்பு, உந்தச் செய்தியைக் கேக்கக்கூடாதெண்டோ முந்திப் போட்டியள்" எண்டு லூர்த்தம்மா பிரேதத்திலை விழுந்து குழறினாள்.

விடியிறதுக்கிடையிலை கதை மாறிப்போச்சு. தடையெண்ட செய்தியைக் கேட்டுத்தான் அம்மான் நெஞ்சடைச்சுச் செத்தவராம். சேமக்காலைக்குப் போகேக்கை கறுப்புக்கொடி பிடிச்சு, கடற்தடைக்குப் பலியான பிலிப்பு எண்டு சீலையிலை எழுதி, அதை வின்சன்ற் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னாலை போனான். சுவாமி பிரசங்கத்திலையும் உந்தக் கதையையே சொன்னார். வெளிநாட்டுக்கும் எழுதப் போகினமாம். "சுவாமி, அம்மான் செத்தது பின்னேரம், செய்தி வந்தது பொழுதுபட" எண்டு நான் சொல்லிப் பாத்தன். "நீக்கிலா, துக்கத்திலை இருக்கிற சனத்திட்டைப் போய் நேரங்காலம் பாக்காதை" எண்டார்.

என்னாலை உந்தக் கதையைப் பொறுக்க ஏலாமல் கிடக்கு, தம்பி. நான் ஒருத்தன் பாடுபட்டுச் செய்ததை, கொழும்பிலை இருந்து ஒரு அறிவிப்போடை ஆரோ கொண்டுபோறாங்கள். லூர்த்தம்மாவுக்கு முன்னாலை வைச்சுக் கேட்டாலும் நான் இதையேதான் சொல்லுவன். நீங்கள் கொலை எண்டு போடுறதெண்டாலும் போடுங்கோ. அது உங்கடை சட்டம், நான் அடங்கி நடப்பன். ஆனால் நேவிக்காரன் பொழுதுபடப் பூட்டினது, ஏற்கெனவே பூட்டிக் கிடந்த கடலை. சனிக்கிழமைக் கடலைப் பூட்டினது நான். அதை மட்டும் பிழையா எழுதிப்போடாதேங்கோ.