கான்டெஸாவின் பானெட்

மாலை ஆறே முக்கால். தென்காசியிலிருந்து அச்சன்புதூர் போகிற சாலை. இரண்டு பக்கமும் வயல், சாரல், ஒரு விளக்கு கிடையாது. தளவாய் பைக்கை விரட்டிக்கொண்டு போகிறான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகியிருக்கிறான். அதில் அவன் மைத்துனன் சிவசுப்பிரமணியன் அழுகிறான்.

"அத்தான், இப்ப தோளு... அத்தான், இப்ப விலா..."

சிரிக்காதீர்கள். தளவாய் நம் பாண்டித்துரைக்குச் சித்தப்பா மகன். பாண்டித்துரை இங்கேதான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பொய்யென்றால் அவனே சொல்லட்டும். இந்த லாட்ஜ் அறைக் கதவை யாராவது சாத்துங்கள். அருவி இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை.

தளவாய் தென்காசியில் டிங்கர். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிறவன். வேலை சுத்தம், கோபம்தான் மூக்குக்கு மேல். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ஆனந்தவள்ளி என்றால் உயிர்.

யாசர் துபாயிலிருந்து முப்பது நாள் லீவில் வந்தவன். புனலூர்ப் பக்கம் ஒரு பழைய கான்டெஸா காரை வாங்கி, தளவாயின் ஷெட்டில் கொண்டுவந்து விட்டான். அகல டயர் வேண்டும், சிவப்பு ரெக்சின் சீட்டு வேண்டும், அடியில் நீல விளக்கு வேண்டும், என்ஜினை மூடுகிற பானெட்டை நடுவில் திமில் மாதிரி எழுப்ப வேண்டும். "நான் பிளைட் ஏறுததுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிரணும்ணே" என்றான்.

பானெட்டில் ஒரு பள்ளம். பட்டி பூசி மறைத்திருந்தார்கள். தளவாய் சுரண்டினான். தகட்டு மடிப்புக்குள் முடி... நீளமான முடி. வேரோடு. தேங்காய் எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை.

ஆள் அடிபட்ட தகட்டை எந்த டிங்கரும் தட்டி நிமிர்த்த மாட்டான். வெட்டி எறிந்துவிட்டு வேறு தகடு போடுவான். தளவாய்க்கும் தெரியும். ஆனால் கான்டெஸாவுக்கு வேறு பானெட்டுக்கு எங்கே போவது? முடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான். புத்தி கெட்டவன்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனான். ஆனந்தவள்ளியின் கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது.

"சும்மாதான் அடுப்புகிட்ட நின்னேன். யாரோ ஓங்கி அறைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் ஷெட்டைத் திறந்தால் பள்ளம் பழையபடி. தளவாய்க்கு வெறி வந்துவிட்டது. மாலைவரை விடாமல் அடித்தான். வீட்டில் ஆனந்தவள்ளி இரண்டு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் ரத்தம்.

சிவசுப்பிரமணியன் போலீஸ்காரன். செய்தி கேட்டு ராத்திரியே வந்து தளவாயின் சட்டையைப் பிடித்தான். "எங்கக்கா மேல கை வைக்கீரோ?" தளவாய் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். தம்பிக்காரன் நம்பவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டு அக்கா பக்கத்திலேயே காவல் இருந்தான்.

காலை பதினொன்று. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்... அக்காவின் தோள்பட்டை எலும்பு, முருங்கைக் கிளை முறிகிற மாதிரி, படக்கென்று முறிந்தது. உடனே தளவாய்க்குப் போன் போட்டான்.

"அத்தான், இப்ப என்ன செஞ்சிட்டிருக்கீய?"

"பானெட்டு தட்டுதேன்." போனில் டங்கென்று ஒரு அடி கேட்டது, அதே நொடி அக்கா அலறினாள்.

"நிறுத்துங்க... சாமி சத்தியமா, நிறுத்துங்க."

தளவாய் சுத்தியலைக் கிணற்றில் போட்டான். இரண்டு நாள் அடி இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆனந்தவள்ளி கஞ்சி குடித்தாள். ஆனால் யாசருக்கு லீவு கரைகிறதே. தளவாய் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அச்சன்புதூரில் வேறு ஷெட்டில் விட்டுவிட்டான். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆனந்தவள்ளி கட்டிலில் துள்ளி விழுந்தாள்.

வண்டி இருக்கிற இடத்தை யாசரிடம் கேட்டுக்கொண்டு தளவாய் கிளம்பினான், முதலில் சொன்னேனே, அதற்குத்தான் அந்த பைக் ஓட்டம். தளவாய் போய்ச் சேர்ந்தபோது ஷெட்டுக்காரன் வெளியே சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சுத்தியல் அவன் மடியில் இருந்தது.

"நான் இன்னும் கையே வைக்கல அண்ணாச்சி. அதுவா அடிக்குது."

உள்ளே... டங். டங். டங். பானெட் தகடு கீழிருந்து எழும்பி எழும்பி வந்தது. முதலில் ஒரு தோளின் வடிவம். பிறகு இடுப்பு. ஒவ்வொரு அடிக்கும் போனில் ஆனந்தவள்ளியின் அலறல். கடைசியில் தகட்டில் ஒரு முகம் எழும்பப் பார்த்தது.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்வோம் என்று தளவாய் கட்டிங் மெஷினை எடுத்தான். தீப்பொறி பறந்தது. பெயிண்ட் கருகுகிற வாசம் வரவில்லை. முடி கருகுகிற வாசம் வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முகத்தைச் சுற்றி வெட்டினான்.

துண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. தகரம் விழுந்தால் தெருவுக்கே கேட்கும். இது ஈரத் துணி விழுந்த மாதிரி விழுந்தது.

அடி நின்றது. போனிலும் சத்தம் இல்லை.

"ஏலே சிவா... அடி நின்னுட்டா?"

போனில் போர்வையை விலக்குகிற சத்தம் கேட்டது.

"நின்னுட்டு அத்தான்... அக்கா முகம்... நீங்க என்னத்த வெட்டுனீய?"