ஆறணாச் சிரிப்பு

ராயபுரத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு ஆறணாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த விலையை வைத்தவன் நான்தான். அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு, குறைச்சல் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, டாக்டர் சீட்டில் தனுர்வாயு என்று எழுதியிருக்கிறது, அதற்குக் கேஸ் கிடையாது என்று நீங்களே சொன்னீர்கள். உட்கார நாற்காலியும் போட்டீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எழுதிக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

என் பெயர் பக்தவச்சலம். இந்த ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதத்திலிருந்து, துறைமுகத்துக்குப் பின்னால் காலி மைதானத்தில் தகரத் தடுப்புக் கட்டி ராத்திரிதோறும் குத்துச்சண்டை நடத்திவந்தேன். குத்துச்சண்டையில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று நிமிஷம் அடித்துக்கொள்கிறார்கள், பிறகு ஒரு நிமிஷம் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கொப்பளிக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் ஜனங்களுக்குத் தாங்கள் கொடுத்த காசு ஞாபகம் வந்துவிடும். அது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நான்கு பெண்களை வைத்திருந்தேன். மணி அடித்ததும் மேடையின் நான்கு பக்கமும் ஏறி, பேண்டுக்கு ஆடி, கலர் கைக்குட்டையைச் சுழற்றி, நம்மூர் சண்டைக்காரனின் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். கொட்டகை முழுக்கத் திருப்பிக் கூவும். தோற்கிறவனுக்குக் கூடுதலாகக் கூவ வேண்டும்.

கூலி ராத்திரிக்கு ஒன்றேகால் ரூபாய். அதில் பதினாலணா ஆட்டத்துக்கு, ஆறணா சிரிப்புக்கு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் ஆறணா கிடையாது. சாட்டின் பாவாடை வாடகை இரண்டணா. இன்னொரு எட்டணாவை நான் பிடித்து வைப்பேன், சீசன் முடிந்ததும் மொத்தமாகத் தருவேன். நடுவில் ஒரு ராத்திரி வராமல் போனால் அந்தப் பிடித்தத்தில் கை வைப்பேன். இல்லாவிட்டால் நாளைக்கே வேறு கொட்டகைக்குப் போய்விடுவார்கள்.

"சிரிப்புக்கு ஆறணான்னா அழுவுறதுக்கு எவ்ளோ முதலாளி?" என்று ஆலிஸ் கேட்பாள். நால்வரில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"அதுக்குக் காசு கெடையாது."

"நல்லதாப் போச்சி. அத்த நாங்க வூட்டாண்டயே செஞ்சிக்கறோம்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னிடம் வேலை செய்தவர்கள் என்னைக் கொடுமைக்காரன் என்று சொன்னதே இல்லை.

நீலா காசிமேட்டுப் பெண். பத்தொன்பது வயது. அவள் அம்மா முத்தம்மா கூடையில் மீன் விற்பவள். கட்டுமரம் கரை ஒதுங்கும் நேரத்தில் ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் முதல் இருக்காது. விடியலில் வட்டிக்காரனிடம் பத்து ரூபாய் வாங்கி, சாயங்காலம் பதினொன்றாகத் திருப்பித் தருவாள். வைகாசியில் பிடித்தத்தை மொத்தமாக வாங்கி அம்மா கையில் முதலாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது நீலாவின் திட்டம். அதன்பிறகு வட்டிக்காரனும் வேண்டாம், நானும் வேண்டாம். இதை என்னிடமே சொன்னாள். சொல்லக்கூடிய ஆள் நானில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆடுவாள், கூவுவாள். சிரிப்பு மட்டும் வராது. கேட்டால், "வந்தா சிரிக்க மாட்டனா முதலாளி?" என்பாள். பல ராத்திரி நாலணாவோடு வீட்டுக்கு நடந்து போயிருக்கிறாள்.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா கப்பலில் கழித்த கயிறு, சங்கிலி, பெட்டிப் பலகை வாங்கி விற்றவர். அந்தப் பலகையில்தான் மேடை போட்டேன். சண்டைக்காரர்கள் நிற்கும் நடுப்பகுதியில் தார்ப்பாய் விரித்திருந்தேன். பெண்கள் ஆடும் விளிம்புவரை அது எட்டவில்லை. இன்னொரு தார்ப்பாய் வாங்கலாம் என்று இருந்தேன். பெண்கள் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும், செருப்புச் சத்தம் பேண்டைக் கெடுத்துவிடும்.

சித்திரையில் ஒருநாள் ஆட்டம் முடிந்து நீலா நொண்டிக்கொண்டு வந்தாள்.

"துருப்புடிச்ச ஆணி முதலாளி. உள்ள எறங்கிடுச்சி. ரெண்டு நாளு லீவு குடு, ஆஸ்பத்திரில காட்டிக்கினு வந்துர்றேன்."

"ரெண்டு நாளா? புடித்தத்துல பாதி பூடும்."

"பாதியா?"

"பாதி."

குனிந்து காலைப் பார்த்தாள். நிமிர்ந்து, "அப்ப வோணாம்," என்றாள். முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. எங்கள் கடையில் முதலில் சொல்லும் விலை வணக்கம் சொல்வது மாதிரி. அதை விலையென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பாதி என்று நான் சொன்னால் அவள் வயிற்றில் அடிக்காதே என்பாள், நான் கால் என்பேன், அவள் அம்மாவை இழுப்பாள், நான் தலையில் கை வைத்துக்கொள்வேன், கடைசியில் ஒன்றும் பிடிக்காமல் லீவு கொடுத்திருப்பேன். மனதில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் அவள் ஏலக் கரையில் வளர்ந்தவள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவி முடித்துவிட்டால் அங்கே அப்புறம் பேச்சில்லை. என் முதல் சொல்லையே அவள் அந்த மூன்றாவது கூவலாக எடுத்துக்கொண்டாள். தடுப்பைத் தாண்டும்வரை அவள் நொண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கேட்காத தள்ளுபடியை எந்தக் கடைக்காரன் கூப்பிட்டுக் கொடுக்கிறான்.

அதற்குப் பிறகும் ஒரு ராத்திரிகூட அவள் தவறவில்லை. காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். நொண்டியதற்கு நான் எதுவும் பிடிக்கவில்லை. இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை நம்மூர் தேசப்பன் வெளியூர்க்காரன் ஒருவனோடு மோதினான். டிக்கெட் எல்லாம் தீர்ந்து, தகரத்தின் மேலேயே ஆள் ஏறிவிட்டது. விளக்குப் போடும் நேரத்தில் நீலா வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பல் வரிசை தெரிய, உதடு இரண்டு பக்கமும் இழுத்து, புருவம் மேலே ஏறி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னிக்கி ஆறணா ஒனக்குத்தான்," என்றேன்.

அவள் பற்களை விலக்காமலே ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஆலிஸ்தான் எடுத்துச் சொன்னாள்.

"அவளுக்கு வாயே தொறக்கல முதலாளி. காலைலேர்ந்து ஒரு பன்னுகூட துன்னல. டீ குடுத்தா ரெண்டு பக்கமும் வழியுது. இது சிரிப்பு இல்ல, நல்லா பாரு."

விளக்கை எடுத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். நீலாவின் கண்கள் மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. அவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டில் ஒரு ஜட்காக் குதிரை இருந்தது. எனக்குப் பதினைந்து வயதில் அதன் குளம்பில் ஆணி ஏறியது. சில நாள் கழித்துத் தாடை பூட்டிக்கொண்டு, உதடு இழுத்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மாட்டு டாக்டர் லாயத்தை இருட்டாக்கி, கோணியைத் தொங்கவிட்டு, ஒரு சின்னச் சத்தம்கூடக் கூடாது என்றார். என் தம்பி கைதவறிச் சங்கிலியைக் கீழே போட்டான். அந்தச் சத்தத்துக்குக் குதிரை வில்லாக வளைந்து விழுந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. வியாபாரிக்கு ஞாபகம்தான் முதல், நான் எதையும் மறப்பவனில்லை.

ஆகவே விளக்கைக் கீழே வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முரசு அடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஆனால் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். மூன்று பெண்களை வைத்து நான்கு பக்கத்தை நிரப்ப முடியாது. காலியாகப் போவது இரண்டு ரூபாய் நாற்காலிகளின் பக்கம். வேண்டியது ஒரே ஒரு நிமிஷம், முதல் இடைவேளை மட்டும். அது முடிந்ததும் ஜட்கா வைத்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு நிமிஷத்தைத் தாங்கிக்கொள்ளும் வயதுதான் அவளுக்கு.

பேண்டு ஜஹாங்கீர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பொண்ணு முகமே பேஜாராக் கீதே முதலாளி. கொஞ்சம் மெதுவா வாசிக்கட்டுமா?"

"வழக்கம்போல வாசி பாய்," என்றேன்.

மணி அடித்தது. நீலா ஏறினாள். கைக்குட்டையைத் தூக்கினாள். முரசில் முதல் அடி விழுந்ததும் அவள் முதுகு பின்னால் வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பலகையில் பட, நடு உடம்பு மேலே எழும்பி நின்றது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஜனங்கள் புது வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு அவள் இன்னும் வளைந்தாள்.

ஆலிஸ் தன் பக்கத்தை விட்டு ஓடிவந்து பலகையில் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் நீலாவின் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு யாரும் குதிரைக் கதை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் இருட்டறையில் போட்டார்கள். சத்தம் கூடாது என்று முத்தம்மாவை உள்ளே விடவில்லை. வெளியில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வளையல் ஒலிக்குமோ என்று இரண்டு கையிலிருந்தும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விடியலில், கட்டுமரம் கரை சேரும் நேரத்தில், நர்ஸ் வந்து இனி உள்ளே போகலாம் என்றாள்.

பிடித்தம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். ஒரு காசு குறைக்கவில்லை. முத்தம்மா எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கி அவ மேடை ஏறினாளா நைனா?"

"ஏறினா."

"சிரிச்சாளா? அதுக்கு ஆறணா தர்றேன்னு சொன்னியாமே, அவளுக்கு ரொம்ப நாளா அது ஒரு கொறை."

"சிரிச்சா," என்றேன். அன்றைய கூலி ஒன்றேகால் ரூபாயையும், சிரிப்பு உட்பட, பாவாடை வாடகைகூடப் பிடிக்காமல் அவள் கையில் வைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பார்த்த வியாபாரத்தில் யாரும் என் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நீலா வளைந்து கிடந்தபோது ஜனங்கள் மேடைமேல் சில்லறை வீசினார்கள். அதுவரை எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. பெண்களுக்கு வீசும் காசு கொட்டகைக்குச் சேரும் என்பதுதான் பேச்சு. கூட்டம் கலைந்தபிறகு நானே பலகையைப் பெருக்கி எடுத்தேன். பதினோரு ரூபாய் ஆறணா. ஆஸ்பத்திரிக்கு ஜட்கா ஒன்றரை ரூபாய். கிழிந்துபோன சாட்டின் பாவாடை மூன்று ரூபாய். முத்தம்மாவிடம் கொடுத்த அன்றைய கூலி ஒன்றேகால். இவை போக மீதி ஐந்து ரூபாய் பத்தணா. நியாயமாக அது என்னுடையது, ஆனாலும் தொடவில்லை, நீலாவின் பெயரில் தனியாக வைத்திருக்கிறேன். அதைத் தவிர அவளுக்கு நான் தரவேண்டியது எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.