ராய்ஸின் பெடல்களுக்கு என்ன விலை

— எல்லாம் நீங்க செஞ்சதுதான் ஹார்லன், அடியில உங்க கையெழுத்து இருக்கு. பதினொரு டப்பா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை சொல்லுங்க, எழுதிக்கிட்டுக் கெளம்பிடறேன்.

— டப்பான்னு சொல்லாத நடீன்மா, மனசு வலிக்குது. பெடல்னு சொல்லு. மொதல்ல உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், ஈயம் சொட்டியிருக்கு, ஸ்கர்ட்ல ஒட்டிக்கும். ஐஸ் டீ ஊத்தட்டுமா? வெயில் கொளுத்துது, இந்த கராஜ்ல ஒரு ஃபேன்தான் ஓடுது.

— டீ குடிக்க வரல. வியாழக்கிழமை கோர்ட். வீட்ல இருக்கிற சாமான் எல்லாத்துக்கும் விலை போட்டு சரிபாதியாப் பிரிக்கணும்னு வக்கீல் சொல்லிட்டார். சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் என்ன விலைன்னு எனக்கே தெரியும். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டிக் கால்ல மிதிக்கிற இந்தச் சாமானுக்கு நாஷ்வில்லயே உங்களுக்குத்தான் விலை தெரியும்.

— நெஜமாவே விவாகரத்துதானா? இருபத்தாறு வருஷம் ஆச்சே.

— விலையைக் கேட்டேன் ஹார்லன்.

— நீ இத எடுத்துட்டு வந்தது ராய்ஸுக்குத் தெரியுமா?

— தெரியாது. அந்த மனுஷன் வீட்ல இல்லாதப்பப் போய் எடுத்துட்டு வந்தேன். நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டாலும் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. நீங்க விலை போட்டதும் எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிடுவேன். திருட்டுன்னு சொன்னாலும் சொல்லிக்கோங்க.

— நான் ஏன் சொல்லப் போறேன். சரி, பாரு, இந்தப் பச்சை இருக்கே, புதுசா என்கிட்ட வாங்கினா நானூறு டாலர். ஆனா ஒண்ணரை வருஷம் காத்திருக்கணும், அவ்வளவு பேர் வரிசையில நிக்கிறாங்க. பொறுமையில்லாதவன் பழசையே எழுநூறு குடுத்து வாங்குவான்.

— உள்ள அப்படி என்னதான் இருக்கு?

— ரெண்டு டிரான்சிஸ்டர், கொஞ்சம் சில்லறைச் சாமான், ஒரு பேட்டரி.

— அதுக்கெல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

— ரெண்டு பேர் ஹோட்டலுக்குப் போய் காலை டிபனுக்கு பிஸ்கட்டும் கிரேவியும் சாப்பிடுற காசு ஆகும். டிப்ஸ் சேக்காம.

— மிச்சக் காசு?

— மிச்சம் என் காதுக்கு. பாரு நடீன்மா, ஒரே டிரான்சிஸ்டர்னு பத்து வாங்கினா பத்தும் பத்து விதமாப் பேசும். ஒவ்வொண்ணா மாட்டி, வாசிச்சுப் பாத்து, பிடிக்காததத் தூக்கிப் போட்டு, திரும்ப மாட்டி... சில பெடலுக்கு ஒரு வாரம்கூட ஆயிடும்.

— கடையில நாப்பது டாலருக்கு ஒண்ணு விக்கிறானே, அதையும் இதையும் அடுத்தடுத்து வாசிச்சா, கீழ உக்காந்து கேக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?

— தெரியாது.

— ஒருத்தருக்குக்கூடவா?

— சத்தியமா ஒருத்தனுக்கும் தெரியாது. வாசிக்கிறவனுக்குத் தெரியும். தெரிஞ்சா அவன் கை வேற மாதிரி போகும். காசு அதுக்குத்தான். ஆனா என்கிட்ட வாங்கறவன்ல பாதிப் பேர் பல் டாக்டருங்க. மூணு பாட்டு வாசிக்கத் தெரியும். கண்ணாடி அலமாரியில அடுக்கி வச்சுப் பாத்துக்கிட்டிருப்பாங்க.

— பல் டாக்டருக்கு வருமானம் இருக்கு. எங்க வீட்ல கிட்டார் வாசிச்சு வர்றதுதான் வருமானம். நல்லா மிளகா அரைச்சீங்க ராய்ஸ் தலையில.

— அப்படியே வச்சுக்கோ.

— இருக்கட்டும். அவங்கப்பா விட்டுட்டுப் போன மீன்பிடிப் படகு போச்சு. அவர் அப்பா, அவர் படகுன்னு விட்டேன். அப்புறம் அந்தப் பழைய சிவப்புக் கிட்டாரை வித்தார். கிட்டாரை வித்துக் கிட்டாருக்குப் பெடல் வாங்கற மனுஷனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

— பாத்திருக்கேன். தினமும் இந்தக் கதவு வழியா வருவாங்க.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல நடீன்மா. வேற என்ன பண்றதுன்னு தெரியல.

— வாங்கறதும் வாங்கறார், சந்தோஷமாவது உண்டா? புதுசு வந்தா நாலு நாள்தான். அப்புறம் போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லி மூலையில போட்டுடுவார். உடனே அடுத்ததுக்கு உங்களுக்கு ஃபோன். வேலையும் போச்சு. முன்னல்லாம் ஒரே நாள்ல ரெண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுவார், இப்ப மாசத்துக்கு ஒருத்தர் கூப்பிட்டா அதிசயம். போன குளிர்காலத்துல ஒரு ஸ்டூடியோக்காரர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாராம், ராய்ஸ், உன் கிட்டார் இப்பல்லாம் காதைக் குத்துதுன்னு. வீட்டுக்கு வந்து, அந்த ஆளுக்குத்தான் காது அவிஞ்சு போச்சுன்னு சாப்பாட்டத் தொடாமத் திட்டிக்கிட்டிருந்தார்.

— அப்படியா சொன்னாரு அவரு? குத்துதுன்னா?

— ஏன், உங்ககிட்ட சொல்லலையா?

— இல்ல. நடீன்மா, அந்த வாசக் கதவக் கொஞ்சம் சாத்திட்டு வா.

— எதுக்கு?

— ரெண்டு மூணு பெடல என் கிட்டார்ல மாட்டி வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டு விலை எழுதிக்கோ. இது அவன் மொதமொதல்ல வாங்கினது... எப்படி இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில சர்ச்சுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இப்படித்தான் வாசிச்சுக்கிட்டிருப்பார். எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

— இது அஞ்சாவது.

— கொஞ்சம் கூர்மையா இருக்கு. தகரத்துல மழை பேஞ்ச மாதிரி.

— இது ஒம்போதாவது.

— போதும், நிறுத்துங்க. பல்லு கூசுது.

— பதினொண்ணும் ஒரே பெடல்தான். பெயிண்ட்தான் வேற. ஒவ்வொரு தடவையும் வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான், மேல் சத்தம் வரமாட்டேங்குது ஹார்லன், இன்னும் பளிச்சுன்னு வேணும்னு. நான் ட்ரெபிளக் கொஞ்சம் கூட்டி, வரிசையில நிக்க விடாமக் குடுப்பேன். மறுபடி வருவான், மறுபடி கூட்டுவேன். கடைசியா வாங்கினது இந்த வெள்ளை. பாரு, கம்பியில கையே வைக்கல. சும்மா மிதிச்சு ஆன் பண்றேன்.

— ஐயோ, என்ன அது விசில்? கெட்டில் கொதிக்கிற மாதிரி. அணைங்க ஹார்லன், அணைங்க. உங்க நாய் பெஞ்சுக்கடியில ஓடுது பாருங்க.

— அணைச்சிட்டேன். பெப்பர், வாடா, ஒண்ணுமில்லடா, வா.

— கெட்டுப் போச்சா அது?

— கெட்டுப் போகல, நான் செஞ்சதே தப்பு. உள்ள போற வயரும் வெளிய வர்ற வயரும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கிக் கெடந்தா இப்படித் தானாக் கத்தும். வயரக் கொஞ்சம் நகத்தி விட்டாப் போதும். ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்கு. உள்ள இருக்கிறத எவனும் பாத்துக் காப்பியடிச்சிடக் கூடாதுன்னு கறுப்புப் பசைய ஊத்தி இறுக்கிடுவோம். ராய்ஸ் அவசரப்படுத்தினானேன்னு வாசிச்சுப் பாக்காமலே ஊத்திட்டேன். காஞ்சதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது, நோண்டினா எல்லாம் பிச்சுக்கிட்டு வந்துடும்.

— இதையா காசு வாங்கிட்டு வித்தீங்க?

— நான் விக்கல. அவன் வந்தப்புறம்தான் ஆன் பண்ணினேன், இதே விசில். பெப்பர் ஊளையிட ஆரம்பிச்சிடுச்சு. நான் அணைக்க ஓடினேன். ராய்ஸ் என் கையப் பிடிச்சுக்கிட்டான், அணைக்காதன்னான். அந்த விசிலோடயே அரைமணி நேரம் வாசிச்சான். கண்ண மூடிக்கிட்டு, சிரிச்ச முகமா வாசிச்சான். உன் கையில இருந்து வந்ததுலயே இதுதான்டா சுத்தம்னான். நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்லக் காசை வச்சுட்டு எடுத்துட்டுப் போயிட்டான்.

— என்ன சொல்ல வர்றீங்க?

— விசில் அவனுக்குக் கேக்கல நடீன்மா.

— விளையாடாதீங்க. ராய்ஸுக்கா? அடுத்த ரூம்ல ஒரு கம்பி சுருதி எறங்கியிருந்தா எந்தக் கம்பின்னு இங்க இருந்தே சொல்ற மனுஷன். அந்தக் காதை நம்பித்தானே எங்க குடும்பமே சாப்பிட்டுச்சு.

— கம்பி கேக்கும். கீழ்ச் சத்தம், நடுச் சத்தம் எல்லாம் கேக்கும். போறது மேல் சத்தத்துல இருந்துதான் போகும். முப்பது வருஷம் ஹெட்ஃபோனுக்குள்ள ட்ரம்ஸ் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குத்தான் போகாது. மொதல்ல குருவிச் சத்தம் போகும். அப்புறம் கெட்டில். அப்புறம் ஃபோன்ல பேசறது. மெதுவாப் பேசற பொம்பளைங்க குரல்... யாரோ பேசறாங்கன்னு தெரியுமாம், என்ன சொல்றாங்கன்னு பிடிபடாதாம். எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆச்சு. திரும்பத் திரும்பக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா தலைய ஆட்டிக்கிட்டிருப்பான்.

— தலைய ஆட்டுவார். ஆமா. எதைச் சொன்னாலும் தலையத்தான் ஆட்டுவார்.

— உக்காரு நடீன்மா.

— பொண்ணு ஃபோன் பண்ணினா ரெண்டு வார்த்தையில என்கிட்ட குடுத்துடுவார். பெத்த பொண்ணுகிட்டப் பேசக்கூட உங்களுக்கு நேரமில்லையான்னு சண்டை போட்டேன். ஒருநாள் கெட்டில் தண்ணி வத்தித் தீஞ்சு போச்சு, பக்கத்துலயே உக்காந்திருக்கார். ஆளில்லாத வீடு மாதிரி உக்காந்திருக்காரேன்னு ஆத்திரமா வந்துச்சு. என் குரலே சன்னம் ஹார்லன். பள்ளிக்கூட லைப்ரரியில இத்தனை வருஷம் இருந்து, சத்தமாப் பேசவே வராது எனக்கு. கேட்டதுக்குப் பதில் வராம, கொஞ்சம் கொஞ்சமா நானும் கேக்கறத விட்டுட்டேன். எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?

— சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சு. உறுதியாத் தெரிஞ்சது அந்த விசில் அன்னிக்கு. ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னாடி.

— அவருக்கும் சொல்லல. எனக்கும் சொல்லல.

— இந்த ஊர்ல ஒரு கிட்டார்காரனப் பாத்து உனக்குக் காது போச்சுன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு அவன் விரல வெட்டிடலாம். ஒரு ஸ்டூடியோவுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள எல்லா ஸ்டூடியோவுக்கும் தெரிஞ்சிடும். அடுத்த பெடல் கேட்டு வந்தப்ப, இனிமே உனக்குச் செய்யறதா இல்லன்னு மட்டும் சொன்னேன். ஏன்னான். வரிசை நீளமாயிடுச்சுன்னு பொய் சொன்னேன். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நீ பண்றது இதானான்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

— பயந்தாங்கொள்ளி.

— ஆமா.

— நான் என்னமோ டப்பா பைத்தியம்னு நெனச்சேன். என்னைவிட இதுதான் உங்களுக்குப் பெருசான்னு எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கேன். அதுவும் கேட்டிருக்காதா?

— பாவம் அவன். காணாமப் போனதக் காசு குடுத்துத் திரும்ப வாங்கிடலாம்னு பாத்தான். என்கிட்ட அது இல்ல. இந்த ஒலகத்துல எவன் பெடல்லயும் இல்ல. நீ விலை கேட்டியே, இந்த வெள்ளையத் தவிர மத்தவனுக்கு இது ஒவ்வொண்ணும் எழுநூறு, எண்ணூறு போகும். ராய்ஸுக்கு ஒண்ணுகூட நாலு காசு பெறாது.

— வக்கீல்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது ஹார்லன்.

— வக்கீல விடு. காதுக்கு மெஷின் வச்சா ஓரளவு திரும்பி வரும்னு எங்கண்ணனப் பாத்த டாக்டர் சொன்னார். நீ போய் எடுத்துச் சொல்லு. வேற யார் சொன்னாலும் அடிக்க வருவான், நீ சொன்னா ஒத்துக்குவான்.

— நானா? என் மேல அந்த மனுஷனுக்கு என்ன அக்கறை? பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போறப்பக்கூட ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

— அப்படிச் சொல்லாத. நீ போன மறுநாள் இங்க வந்தான். பெடலுக்கு வரல. என் மேல இருந்த கோவத்தையெல்லாம் மறந்துட்டு வந்து உக்காந்து அழுதான் நடீன்மா. இத்தனை வருஷத்துல அவன் அழுது நான் பாத்ததே இல்ல. போகட்டும், அவளுக்கு என்கூட இருக்கப் பிடிக்கலன்னா போகட்டும்னான். அவ திட்டியிருக்கலாம், எதையாச்சும் தூக்கி எறிஞ்சிருக்கலாம்னான். காலையில காபி போட்டுக் குடுத்துட்டு, சிங்க்கு முன்னாடி நின்னு பாத்திரம் கழுவிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே, அந்த அளவுக்கா நான் வேண்டாதவனாப் போயிட்டேன்னு கேட்டுக் கேட்டு அழுதான்.

— சொன்னேன் ஹார்லன். அவர் முகத்தப் பாத்துச் சொல்லத் தைரியமில்லாம, குழாய நிறுத்தாம, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு சொன்னேன். எனக்குப் போக மனசே இல்ல ராய்ஸ், இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துடறேன்னு சொன்னேன். அவர் எந்திரிச்சு வந்து காபி கப்பை நீட்டினார். அதையும் கழுவி வச்சுட்டுத்தான் போனேன்.